மணலில் எழுதிய 'அ'

தரங்கம்பாடிக் கடற்கரை. மகள் ஈர மணலில் விரலால் 'அ' எழுதினாள். சுழி சரியாக வரவில்லை. கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

அதைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன்.

ஜெர்மனியிலிருந்து சீகன்பால்க் என்ற கிறிஸ்தவப் போதகர் இந்த ஊரில் வந்து இறங்கியது 1706 ஜூலை 9. மறுநாள் அவருக்கு 24-வது பிறந்தநாள். பிரசங்கம் செய்ய வந்தவருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. திண்ணைப் பள்ளி வாத்தியாரை அழைத்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில்தான் 'அ' எழுதிப் பழகினார்.

ஒரு வளர்ந்த மனிதர், குழந்தைகளுக்கு நடுவில்!

நடுவில், அப்போது இந்த ஊரை ஆண்ட டேனிஷ் அதிகாரியே அவரைப் பிடித்துக் கோட்டையில் நான்கு மாதம் அடைத்தார். அப்புறம் வெளியே வந்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1718-ல் புதிய எருசலேம் ஆலயம். அடுத்த வருடமே, 36 வயதில் போய்விட்டார். கல்லறை அந்த ஆலயத்துக்குள்தான்.

போன மாதம் என் அத்தை மகன் கம்போடியாவுக்கு ஊழியத்துக்குப் போனான். "சபை எப்போது ஆரம்பிக்கும்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். நானும் கேட்டேன். அவன் இன்னும் அந்த நாட்டு மொழியான கெமர் எழுத்துதான் படித்துக்கொண்டிருக்கிறான். மெய்யெழுத்து மட்டும் 33.

இன்று கடற்கரையிலிருந்தே அவனுக்குப் போன் செய்தேன்.

"எத்தனை எழுத்து வந்திருக்குடா?"

"பதினொன்று, அண்ணா."

மகிழ்ச்சியாக இருந்தது.