"போன் பண்றோம்" என்று சொல்லியிருக்கலாமோ

சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது, தைத்த பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பீஸ் ரேட் டெய்லர்கள் கேட்பது ஒன்றுதான்: "திங்கட்கிழமை வேலை இருக்குங்களாண்ணா?" திருப்பூரில் இதற்குப் பழகிப்போன பதில், "போன் பண்றோம்."

நான் ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு சனிக்கிழமை நான் அப்படிச் சொல்லவில்லை. துணி இன்னும் சாயம் போடும் டையிங்கிலேயே கிடந்தது. "அடுத்த வாரம் வேலை இருக்காதும்மா, வேற இடம் கிடைச்சா போய்க்கோங்க, துணி வந்ததும் கூப்பிடறேன்" என்று, ஓவர்லாக் மெஷினில் தைக்கும் ஒரு அம்மாவிடம் நேராகச் சொன்னேன். "சொன்னீங்களே, அதுவே போதுங்கண்ணா" என்றார்.

துணி செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. கூப்பிட்டேன். அவரும் அவரோடு வருகிறவர்களும் வேறு கம்பெனியில் உட்கார்ந்துவிட்டார்கள். எடுத்த ஆர்டரைப் பாதியில் விட்டு எப்படி வருவது என்று கேட்டார். நியாயம்தான்.

முதலாளி சத்தம் போடவில்லை. "போன் பண்றோம்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள் வீட்ல இருந்திருப்பாங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். இன்னும் உறுத்துவது அதுதான். இருந்திருப்பார்கள், கூலி இல்லாமல். ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டில் பெயர் இருப்பவர்களுக்கும் நோய்க்கால உதவித்தொகை வேண்டுமென்றால் ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா சேர்ந்திருக்க வேண்டும். வீட்டில் காத்திருந்த நாள் அதிலும் சேராது. இதெல்லாம் தெரிந்துகொண்டு எப்படிக் காத்திருக்கச் சொல்வது?

ஆனால் ஷிப்மென்ட் தேதி தவறினால் பையர் விலையைக் குறைப்பார், இல்லையென்றால் நம் செலவில் விமானத்தில் அனுப்பச் சொல்வார். அப்புறம் அந்த ஆர்டரில் என்ன மிஞ்சும்? மாதச் சம்பளம் வாங்குகிற எனக்கு உண்மையைச் சொல்வது சுலபம் என்றும் தோன்றுகிறது.

உண்மையைச் சொன்னால் நம்பிக்கை வரும், நம்பிக்கை இருந்தால் ஆள் நிற்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அதே வாரம் பேட்லாக் என்கிற இன்னொரு வகைத் தையல் மெஷின் ஆட்களிடம் இன்னொரு சூப்பர்வைசர் "போன் பண்றோம்" என்றார். அவர்கள் செவ்வாய்க்கிழமையே வந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த அம்மா திரும்பி வரவில்லை. அவர் சொன்ன "அதுவே போதும்" நன்றியா, விடைபெறுவதா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

காத்திருக்கச் சொல்லும் நாளுக்குப் பாதிக் கூலியாவது கொடுக்கலாமே என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. அடுத்த ஆர்டர் வந்துவிட்டது. ஓவர்லாக்குக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.