வித்தியாசம் பூஜ்யம்

நிதி நிறுவனம் ஒன்றில் தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்தபோது, சந்தை நிலவரம் ஓடும் திரைகளுக்கு நடுவே உட்காரப்போகிறேன் என்று நினைத்திருந்தேன். கிடைத்தது வங்கிச் சரிக்கட்டும் பட்டியல். ஒரு பக்கம் வங்கி அறிக்கை, மறுபக்கம் எங்கள் ரொக்க ஏடு. இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடுவதுதான் காலை முதல் மாலை வரை வேலை. கொடுத்தும் வங்கிக்குப் போய்ச் சேராத காசோலைகள், வங்கி தானாகவே பிடித்துக்கொண்ட கட்டணங்கள், எங்களுக்குத் தெரியாமல் நேரடியாக வந்து விழுந்த தொகைகள். பெரும்பாலான வித்தியாசங்கள் இவற்றுக்குள் அடங்கிவிடும். அடங்காதவைதான் ஆளைத் தின்னும்.

இரண்டாவது வாரத்தில் 540 என்ற வித்தியாசம் ஒரு மதியம் முழுவதும் என்னை அலைக்கழித்தது. பக்கத்து மேசையில் இருந்த மூத்தவர் எட்டிப் பார்த்து, "ஒன்பதால் வகுபடுகிறதா?" என்று கேட்டார். வகுபட்டது. ஈவு அறுபது. "அப்படியானால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். அடுத்தடுத்து நிற்கும், ஆறு வித்தியாசமுள்ள ஜோடியைத் தேடுங்கள்" என்றார். பத்து நிமிடத்தில் அகப்பட்டது: 1,820 என்பதை 1,280 என்று பதிந்திருந்தேன். பற்றில் போக வேண்டியது வரவில் போயிருந்தால் வித்தியாசம் இருமடங்காக வரும், ஆகவே பாதித் தொகையைத் தேட வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கிய எனக்கு இவை எதுவும் தெரிந்திருக்கவில்லை என்பதில் கொஞ்சம் வெட்கம்தான்.

தேடியும் அகப்படாத தொகையை அனாமத்துக் கணக்கில் வைக்கலாம். மாத முடிவின் இரவுகளில் அந்தக் கணக்கின் மீது வரும் ஆசை சாதாரணமானதல்ல. எல்லாவற்றையும் அதில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். மூத்தவர் அங்கே மட்டும் கறாராக இருந்தார். ஒவ்வொரு பதிவுக்கும் காரணம், தேதி, தீர்க்க வேண்டியவர் பெயர். பிரிட்டனின் பழைய வங்கிகளில் ஒன்றான பேரிங்ஸின் கதையை அவரிடம்தான் முதலில் கேட்டேன். பிழைகளை வைப்பதற்கென்று திறந்த 88888 என்ற கணக்கில்தான், அந்த வங்கிக்காகச் சிங்கப்பூரில் வர்த்தகம் செய்த நிக் லீசன் நஷ்டங்களை ஒளித்தார். 1995இல் வங்கி கவிழ்ந்தபோது நஷ்டம் சுமார் 82.7 கோடி பவுண்டு. வர்த்தகம் செய்தவரே அதன் கணக்கைப் பதியும் பிரிவையும் கவனித்துக்கொண்டதுதான் வினை.

அந்த வினை நேராமலிருக்கத்தான் எங்கள் நிறுவனத்தில் பதிபவர் ஒருவர், ஒப்புதல் அளிப்பவர் இன்னொருவர். எனக்கு இது பெரிய நிம்மதியாக இருந்தது. நான் தவறினாலும் அவர் பிடித்துவிடுவார் என்ற நிம்மதி. அவருக்கும் அதே நிம்மதி இருந்திருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

மூன்றாவது மாதம், ஒரு நாள் என் பட்டியலில் வித்தியாசம் பூஜ்யம். யார் உதவியும் இல்லாமல், முதல் முயற்சியிலேயே. அன்று நான் சற்று உரக்கவே பேசியிருப்பேன். ஒரு வாரம் கழித்து ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்தார். தவணையை உரிய நாளில் கட்டியவருக்கு, கட்டவில்லை என்று நினைவூட்டல் கடிதம் போயிருந்தது. பணம் வந்திருந்தது. முதலெழுத்தில் மட்டும் வேறுபட்ட அதே பெயர் கொண்ட இன்னொருவரின் கணக்கில் நான் வரவு வைத்திருந்தேன்.

மொத்தம் சரியாகத்தான் இருந்தது. வங்கியில் வந்த தொகை எங்கள் ஏட்டிலும் வந்திருந்தது, பற்றும் வரவும் சமம், எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளைக் கூட்டி ஒப்பிடும் இருப்பாய்வும் ஒத்துப்போயிருக்கும். பணம் யாருடையது என்ற கேள்வியைத்தான் அந்தப் பூஜ்யம் கேட்கவே இல்லை. 540 வந்த நாளில் ஒவ்வொரு வரியையும் உற்றுப் பார்த்த நான், பூஜ்யம் வந்த நாளில் ஒரு வரியைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒப்புதல் அளித்தவர் மூத்தவர்தான். மாலையில் வரிசையாக நின்ற நாற்பது பதிவுகளில் என்னுடையதும் ஒன்று. அவர் சாக்குச் சொல்லவில்லை. சிட்டி வங்கியில் 2020 ஆகஸ்டில் நடந்ததைச் சொன்னார். ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்குச் சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டிய இடத்தில், ஏறக்குறைய 90 கோடி டாலர் போய்விட்டது. அந்தப் பரிமாற்றத்தை மூன்று பேர் பார்த்து அனுப்பியிருந்தார்கள்.

வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்கும் கடிதத்தை என்னையே எழுதச் சொன்னார்கள். அதில் "கணினிக் கோளாறு" என்று எழுதி, பிறகு அடித்தேன். திருத்தப் பதிவைப் போட்டு ஒப்புதலுக்கு அனுப்பினேன். மூத்தவர் உடனே பொத்தானை அழுத்தவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து, வங்கி அறிக்கையை எடுங்கள் என்றார்.