காதல் கதை என்று நினைத்துச் சேர்ந்த பாடம்

சென்னையில் பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு எம்.ஏ. படிக்க இங்கிலாந்து போனபோது, விருப்பப் பாடங்களில் ஒன்றாக 'மிடீவல் ரொமான்ஸ்' இருந்தது. ராஜா, ராணி, குதிரைவீரன், நடுவில் ஒரு காதல், ஜாலியாகப் போகும் என்று டிக் அடித்தேன். முதல் வாரம் படிக்கக் கொடுத்தது 'ஹேவ்லாக்' என்ற இடைக்கால ஆங்கிலக் கதைப்பாட்டு. கதாநாயகன் டென்மார்க் இளவரசன். ஒரு மீனவர் அவனை வளர்க்கிறார். மீன்கூடை சுமக்கிறான், அப்புறம் லிங்கன் நகரில் ஒரு சமையல்காரரிடம் விறகும் தண்ணீரும் சுமக்கிறான். அவனுக்குக் கல்யாணம் நடப்பதுகூட இளவரசியை அவமானப்படுத்த வேண்டும் என்று ஒருவன் செய்கிற சதியால்தான். இதில் ரொமான்ஸ் எங்கே இருக்கிறது என்று முழித்தேன்.

அந்தச் சொல்லின் கதையே வேறு. 12ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் படித்தவர்களின் மொழி லத்தீன். மக்கள் பேசிய மொழிக்குப் பெயர் 'ரோமான்ஸ்'. லத்தீன் நூல் ஒன்றை மக்கள் மொழிக்குக் கொண்டுவருவதற்கு அந்தப் பெயரிலிருந்தே ஒரு வினைச்சொல் உண்டாக்கிக்கொண்டார்கள், நாம் 'தமிழ்ப்படுத்துவது' என்கிறோமே, அதைப் போல. போகப்போக அந்த மொழியில் எழுதிய வீரக் கதைகளுக்கே பெயர் ஒட்டிக்கொண்டது. காதல் என்ற பொருள் பிறகு வந்து ஏறியது. இது முதல் நாளே மண்டையில் ஏறிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

எனக்கு ஏறவில்லை. முதல் கட்டுரையை 'கோர்ட்லி லவ்' (அரசவைக் காதல்) விதிகள் என்று நானே ஒரு சட்டப் புத்தகம் போல எழுதிக் கொடுத்தேன். வீரன் மணமான சீமாட்டியைக் காதலிக்க வேண்டும், ஏங்க வேண்டும், அடங்கி நடக்க வேண்டும், இப்படி. மார்க் பாஸுக்கு ஒட்டிக்கொண்டு வந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரே கேள்வி: "இந்த விதிகளை யார் போட்டது?" தேடிப் பார்த்தால், அந்தச் சொல்லை ஆய்வாளர்கள் பேச்சில் நிலைநிறுத்தியவர் காஸ்தோன் பாரி என்ற பிரெஞ்சு அறிஞர், 1883இல். அதாவது 12ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியன் த த்ருவா, ஆர்தர் மன்னனின் வீரன் லான்ஸலாட்டின் கதையை எழுதி எழுநூறு வருஷம் கழித்து.

அந்த லான்ஸலாட் கதையிலேயே ஓர் இடம் இருக்கிறது. கடத்தப்பட்ட ஆர்தரின் ராணியைத் தேடிப் போகிற லான்ஸலாட்டுக்கு வழியில் ஒரு வண்டி எதிர்ப்படுகிறது. குற்றவாளிகளை ஊர் பார்க்க ஏற்றிப் போகிற வண்டி அது. ஏறினால் மானம் போகும். ஏறினால்தான் ராணி எங்கே என்று தெரியும். இரண்டு அடி தூரம் தயங்குகிறான், பிறகு ஏறிவிடுகிறான். அத்தனை ஆபத்தையும் தாண்டி ராணி முன் போய் நின்றால் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வண்டியில் ஏறிய அவமானம் அவளுக்குப் பெரிதல்ல, அந்த இரண்டு அடித் தயக்கம்தான் பெரிது. இதைப் படித்துவிட்டு நாம் சிரிக்க வேண்டுமா, உருக வேண்டுமா? எழுதியவர் சொல்லவில்லை. கட்டுரைக்கு உட்காரும்போது விதிகளைத் தள்ளிவைத்துவிட்டு இந்த இரண்டு அடியில் ஆரம்பியுங்கள். என் இரண்டாவது கட்டுரை அப்படித்தான் தேறியது.

சரி, படிப்பது எப்படி? பிரெஞ்சுக் கதைகளை மொழிபெயர்ப்பில் படிக்க விடுவார்கள், இடைக்கால ஆங்கிலக் கதைகளை விட மாட்டார்கள். மூலத்தைத்தான் படித்தாக வேண்டும். நம் ஊரில் படித்தவர்கள் இங்கேதான் பயப்படுகிறார்கள், ஆனால் நமக்குச் சில வசதிகள் இருக்கின்றன. ஆர்தரின் வீரன் கவைனைப் பற்றிய 'சர் கவைனும் பச்சை வீரனும்' என்ற 14ஆம் நூற்றாண்டு நூலில் யோக் என்றொரு எழுத்து வரும், 3 என்ற எண்ணைப் போல இருக்கும். சொல்லின் முதலில் வந்தால் 'ய' ஒலி. நடுவில் 'த்'துக்கு முன்னால் வந்தால் தொண்டையிலிருந்து வரும் ஒரு மூச்சு, ஏறக்குறைய அஃது என்பதில் வரும் ஆய்தம். குதிரைவீரனுக்கு இன்று 'நைட்' என்கிற சொல்லை அவர்கள் 'க்னிஃத்' என்றார்கள். ஓர் எழுத்துக்கு இத்தனை ஒலியா என்று வகுப்பில் மற்றவர்கள் அலுத்துக்கொண்டார்கள். கல், தங்கம், பகல் மூன்றுக்கும் ஒரே 'க' எழுதி வளர்ந்தவனுக்கு இதில் என்ன அதிசயம்?

அப்புறம் மோனை. கவைன் 2530 வரி, பெரும்பாலும் மோனையில் ஓடுகிற செய்யுள். ட்ராய் முற்றுகை முடிந்தது என்று சொல்லும் முதல் வரியிலேயே 'ச' ஒலி நான்கு முறை அடிக்கும். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு வேறு எந்த உயிரும் மோனையாக வரலாம். நம் யாப்பில் அ, ஆ, ஐ, ஔ ஓரினம் என்பது போல, இங்கே இன்னும் தாராளம். மனதுக்குள் படித்தால் இது ஒன்றும் தெரியாது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். பொருள் புரியாத வரியிலும் எந்தச் சொல்லில் அழுத்தம் விழுகிறது என்று காது காட்டிக்கொடுக்கும். அழுத்தம் விழும் சொல்லை முதலில் அகராதியில் பாருங்கள்.

ஆனால் கவைனில் தொடங்காதீர்கள். அது வடமேற்கு மிட்லாண்ட்ஸ் வட்டார மொழி, அதே காலத்து லண்டன் கவிஞர் சாஸருக்குப் பழகியவர்களே திணறுவார்கள். 'சர் ஓர்ஃபியோ' எடுங்கள். சுமார் 600 வரிதான். இறந்த மனைவியை மீட்கப் போய் மறுபடி இழக்கிற கிரேக்க ஓர்ஃபியஸின் கதை, ஆனால் பாதாள உலகத்துக்குப் பதில் தேவதைகளின் நாடு. ஆக்கின்லெக் என்ற 14ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியில் கவிஞர் கூசாமல் ஒரு பொய் சொல்வார்: ஓர்ஃபியஸின் ஊரான திரேஸ் என்பது வேறெங்கும் இல்லை, நம் வின்செஸ்டரின் பழைய பெயர்தான் என்று. முடிவும் தலைகீழ். ஓர்ஃபியோவுக்கு மனைவியும் கிடைக்கிறாள், நாடும் கிடைக்கிறது. அந்தப் பிரதி எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கிறது. பக்கங்களின் படங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். படம் வரைந்திருந்த இடங்களைப் பிற்காலத்தில் யாரோ வெட்டி எடுத்த ஓட்டைகள்கூடத் தெரியும். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டீம்ஸ் என்ற மாணவர் பதிப்பு வரிசையும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மிடில் இங்கிலீஷ் அகராதியும் இலவசம். பதிப்புகளுக்கென்று நான் பெரிதாகச் செலவு செய்யவில்லை.

ஆர்தர் கதைகளை ஒரே பெரிய நூலாக ஆங்கிலத்தில் எழுதிய மாலரியைப் பற்றி ஒரு வார்த்தை. மொழி இருப்பதிலேயே சுலபம், உரைநடை வேறு. அதனால் முதலில் அதை எடுக்கத் தோன்றும். 1485இல் அச்சகக்காரர் காக்ஸ்டன் அச்சிட்டபோது 21 புத்தகங்களாகப் பிரித்தார் என்றால் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் அதில் இறங்கி மூன்று வாரம் காணாமல் போனேன். குறித்துக் கொடுத்த பகுதிகள் போதும்.

நான் நாளைக்குப் பதினைந்து வரி என்று வைத்துக்கொண்டேன். முதலில் வாய்விட்டு, பிறகு அகராதி, கடைசியில்தான் மொழிபெயர்ப்பு. வரிசையை மாற்றினால் மொழிபெயர்ப்பாளர் எடுத்த முடிவுகள் எல்லாம் நம் முடிவுகள் போலத் தோன்ற ஆரம்பித்துவிடும். தெரிந்த சொற்களிடம்தான் அதிகம் ஏமாந்தேன். 'நைஸ்' என்றால் அன்று முட்டாள்தனமான. 'கைண்ட்' இயல்பு, இனம். கவைனின் உயிர்நாடியான 'த்ரௌத்' என்பதை உண்மை என்று எழுதிவைத்திருந்தேன். சொன்ன சொல் தவறாமை என்று திருத்திய பிறகுதான் கதையே புரிந்தது. விருந்தோம்பிய பிரபுவிடம் அன்றன்று கிடைத்ததை அன்றன்று மாற்றிக்கொள்வதாகக் கவைன் வாக்குக் கொடுத்திருக்கிறான். மூன்றாம் நாள் பிரபுவின் மனைவி கொடுத்த மூன்று முத்தங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உயிர்காக்கும் என்று அவள் சொல்லித் தந்த பச்சைக் கச்சையை மட்டும் மறைத்துவிடுகிறான். அதற்காகத்தான் கடைசியில் பச்சை வீரன் கோடரியால் கவைனின் கழுத்தில் போடுகிற அந்தச் சின்ன வெட்டு.

எங்கள் தேர்வு மூன்று மணி நேரம். ஒரு பத்திக்கு விளக்கம், இரண்டு கட்டுரை. பலரும் கட்டுரையில் கவனம் வைத்து விளக்கத்தைக் கடைசி இருபது நிமிடத்துக்குத் தள்ளினார்கள். நான் அதைத்தான் முதலில் எழுதினேன், முழுசாக ஒரு மணி நேரம். கதைச் சுருக்கம் எழுதினால் மார்க் கிடையாது. கொடுத்த வரிகளை விட்டு வெளியே போகாமல், ஏன் இந்தச் சொல், ஏன் இந்த இடத்தில் இவ்வளவு நீளம் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். எல்லோரும் தாவிப் போகிற பத்திகளைத் தேர்வுக்கு முன் ஒருமுறையாவது நின்று படித்துவையுங்கள். கவைனில் வேட்டையாடிய மானை அறுத்துப் பங்கு போடுகிற பகுதி அப்படி ஒன்று. முப்பது வரிக்கு மேல் கறிக்கடை சமாச்சாரம்: தோலுரிப்பது, குடலெடுப்பது, விலாவைப் பிளப்பது. பிரபுவின் ஆட்கள் யாருக்கு எந்தத் துண்டு என்று முறை தவறாமல் பிரிக்கிறார்கள், நாய்களுக்குக்கூட. வீட்டில் கவைன் படுக்கையில் இருக்க, பிரபுவின் மனைவி வந்து பேசிக்கொண்டிருக்கிற அதே நாளில் இது நடக்கிறது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுவது என்றால் என்ன என்று காட்டில் ஒருவன் செய்துகாட்டுகிறான்.

வினாத்தாளில் வந்தது அந்தப் பத்திதான். அதில் அண்டங்காக்கையின் பங்கு என்று ஒரு துண்டைப் புதருக்குள் எறிவார்கள். தினமும் காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிற பாட்டியிடம் வளர்ந்தவன் நான். அந்த ஒரு துண்டைப் பற்றியே ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.