கர்லி வெர்லி: பாசி மண்டிய கால்வாயில் நாலு பேரும் ஒரு படகும்

இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில், ஹார்ஸ்லி ஃபீல்ட்ஸ் சந்திப்பில் பர்மிங்ஹாம் பிரதான கால்வாயை விட்டுத் திரும்பினால் வெர்லி-எசிங்டன் கால்வாய். 1792இல் சட்டம் போட்டு, நிலக்கரி ஏற்றிப் போக வெட்டியது. கடல் மட்டத்துக்கு 473 அடி மேலே, மேடு வந்தால் சுற்றி, பள்ளம் வந்தால் ஒதுங்கி, ஆக்லி சந்திப்பு வரை சுமார் 16 மைல் ஒரு லாக்கூட (படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டி) இல்லாமல் போகிறது. அந்த வளைவுகளால்தான் ‘கர்லி வெர்லி’ என்ற செல்லப்பெயர்.

கரிப் படகுகள் ஓயாமல் போய்வந்த காலத்தில் தண்ணீர் கலங்கியே கிடந்தது. அடிவரை வெயில் இறங்கவில்லை. இன்று படகுகள் குறைவு, ஆழம் குறைவு, தண்ணீர் தெளிவு. ஜூலை, ஆகஸ்டில் தரையிலிருந்து மேல்மட்டம் வரை பாசிதான். ஏப்ரல், மே மாதங்களில் போனால் பாதி வேலை மிச்சம். வாடகைப் படகு என்றால் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். இந்தப் பக்கம் போக அனுமதிக்காத நிறுவனங்கள் உண்டு.

கால்வாய்களில் வேக வரம்பு மணிக்கு 4 மைல். இங்கே 2 மைல் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 57 அடி நீள நேரோபோட் (கால்வாய்க்கான ஒடுங்கிய படகு) 15 டன்னுக்கு மேல் எடை. அகலம் 6 அடி 10 அங்குலம்தான். படகு மெதுவானதும் கை தானாக த்ராட்டிலைக் கூட்டப் போகும். அதுதான் முதல் தவறு. வேகம் கூடினால் பின்பக்கம் தாழும், புரொப்பெல்லர் சேற்றுக்குப் பக்கத்தில் போகும், சுற்றியிருக்கும் பாசியையெல்லாம் உறிஞ்சும். நிமிடத்துக்கு 1000, 1100 சுற்றே போதும். நடுவிலேயே போங்கள்; வளைவில் வெளிப்பக்கம்தான் ஆழம். பாலத்தடியில் குப்பை அதிகம் சேரும். முன்கூட்டியே நியூட்ரலில் போட்டு, போகிற வேகத்திலேயே வழுக்கிக் கடந்துவிட வேண்டும்.

புரொப்பெல்லரில் பாசி சுற்றினால் படகே சொல்லும். சுக்கான் பிடி கையில் அதிரும், இன்ஜின் திணறும், புகை கறுக்கும், பின்னால் தண்ணீர் தள்ளுவது குறையும். ரிவர்ஸ் போட்டால் நிற்கவும் நிற்காது; எதிரே படகு வந்தால் இது ஆபத்து. உடனே நியூட்ரல், இரண்டு விநாடி பொறுத்து ரிவர்ஸில் ஒரு சின்ன முறுக்கு. பச்சைக் கட்டி ஒன்று சுழன்று மேலே வரும். மென்மையான பாசிக்கு இது போதும். சில நூறு அடிக்கு ஒருமுறை, திணறல் தொடங்கும் முன்பே செய்துவிடுவது நல்லது.

அதற்கும் அசையாவிட்டால் வீட் ஹேட்ச். பின்தளத்துப் பலகைக்குக் கீழே, புரொப்பெல்லருக்கு நேர் மேலே இருக்கும் பெட்டியின் மூடி அது. இன்ஜினை அணைத்து, சாவியை உருவி, கையை விடப் போகிறவர் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். நண்பர்கள் கூட்டமாக இருக்கும் படகில் இதில் சமரசமே கூடாது. திருகாணியைத் தளர்த்திக் குறுக்குக் கம்பியை எடுத்தால் மூடி வரும். உள்ளே முழங்கை தாண்டி, சில படகுகளில் தோள் வரை கை போகும். நீளமான ரப்பர் கையுறை அவசியம். எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் இந்தத் தண்ணீரில் இருக்கக்கூடும். கையில் கீறல் இருந்தால் வேறொருவர் இறங்கட்டும்.

பாசியைக் கையால் பிடுங்கலாம். துணிக்கு ரொட்டி அறுக்கும் பல்கத்தி, கம்பிக்கு வெட்டுக்குறடு, நைலான் கயிறு சூட்டில் உருகி இறுகியிருந்தால் சின்ன ஹேக்ஸா. சுற்றிச் சுற்றி அவிழ்க்கப் பார்க்காதீர்கள். புரொப்பெல்லர் தண்டின் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டால் மொத்தமும் பட்டையாகக் கழன்று வரும். இந்தக் கால்வாய்களில் படகுக்காரர்கள் தண்டில் சிக்கிய புடவையை உருவிய கதைகள் நிறைய. ஆறு கஜம் தண்டில் இறுகினால் மரக்கட்டை மாதிரிதான். இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் ஊர்கள் இவை. பூஜைக்கு விட்ட தேங்காய் மிதந்து வருவதையும் பார்க்கலாம். எடுத்ததை மறுபடி தண்ணீரில் போடாமல் வாளியில் சேருங்கள். வல்லாரை போல வட்ட இலையுள்ள மிதக்கும் பென்னிவொர்ட் என்றால் இன்னும் கவனம்: நாளுக்கு 20 சென்டிமீட்டர் வரை படரும், சின்னத் துண்டு விழுந்தாலும் முளைக்கும். இங்கிலாந்தில் 2014இலிருந்து அதன் விற்பனைக்கே தடை.

மூடியைத் திரும்பப் போடும்போது ரப்பர் பட்டையில் ஒரு இலைகூட ஒட்டியிருக்கக் கூடாது. இறுக்கிய பிறகு இன்ஜினைப் போட்டு, கியரில் விட்டு, டார்ச் அடித்து ஓரங்களைப் பாருங்கள். மூடி சரியாக உட்காராவிட்டால் புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் இன்ஜின் அறைக்குள் ஏறும். பின்பக்கம் தாழத் தாழ இன்னும் வேகமாக ஏறும். இப்படி மூழ்கிய படகுகள் உண்டு.

நாலு பேர் இருந்தால் ஒருவர் சுக்கானில், ஒருவர் கொக்கிக் கம்புடன் முன்னால், ஒருவர் கரையில். நாலாமவர் வீட் ஹேட்சுக்கு. அவர் கை விறைப்பதற்குள் ஆளை மாற்றுங்கள். பாசி ரொம்ப அடர்ந்த இடத்தில் இன்ஜினை விட்டுவிட்டுக் கரையில் நடந்து இழுப்பதே வேகம். கயிற்றை மூக்கில் கட்டினால் படகு கரைக்கே வரும். படகின் நடுவில் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுங்கள், சுக்கானில் இருப்பவர் மூக்கைக் கரையிலிருந்து விலக்கிக்கொண்டே வரட்டும். தரை தட்டினால் எல்லாரும் ஒரு பக்கம் போய் நின்று, படகைச் சாய்த்து, வந்த வழியே பின்வாங்க வேண்டும். முன்னால் தள்ளப் பார்த்தால் இன்னும் புதையும்.

ஸ்னீட் சந்திப்பில் கவனம் தேவை. நேராகத் தெரிவது கைவிடப்பட்ட பழைய கிளை. பிரதான வழி சட்டென்று வலப்பக்கம் ஒடிகிறது. இரவு தங்க பெல்சால் பொதுவெளி அருமையான இடம். பிரவுன்ஹில்ஸில் சூப்பர் மார்க்கெட் கரையிலேயே இருப்பதால் அரிசி, பால் அங்கே வாங்கிக்கொள்ளலாம். ஆக்லியிலிருந்து கீழே இறங்கிய 30 லாக்குகள் 1950களில் கைவிடப்பட்டுவிட்டன. அங்கிருந்து இன்று மிஞ்சியிருப்பது ஆங்கில்சி கிளை, ஒன்றரை மைல். சேஸ்வாட்டர் நீர்த்தேக்கத்துத் தண்ணீர் இதன் வழியாகத்தான் கால்வாய்க்கு வருகிறது. முனையில் பழைய கரி இறக்கும் சரிவுகள் இன்னும் நிற்கின்றன. படகைத் திருப்ப இடம் தாராளம். திரும்பி வரும்போது உங்கள் படகு கிழித்த கறுத்த கோடு பாசி நடுவே தெரியும். அதை விட்டு விலகாமல் வாருங்கள்.