அம்மாவின் பட்டன் போனுக்கு எதற்கு டேட்டா?

இன்று காலை அம்மாவின் நம்பருக்கு மறுபடியும் ரீசார்ஜ் செய்தேன். அவர் வைத்திருப்பது எண்கள் தேய்ந்துபோன பட்டன் போன், நெட்டே கிடையாது, ஆனாலும் டேட்டாவுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. அதுவும் 28 நாளுக்கு ஒரு முறை. வருடத்துக்கு 12 மாதம், நாம் கட்டுவதோ 13 முறை!

30 நாள் பிளான் ஒன்றாவது வேண்டும் என்று 2022-லேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் (TRAI) சொல்லிவிட்டது. பேசுவதற்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி பிளான் கொடுங்கள் என்று 2024 டிசம்பரில் உத்தரவும் போட்டது. சரி, அதைக் கொடுங்கள் என்று கடையில் கேட்டால் 84 நாளுக்கு மொத்தமாகக் கட்டச் சொல்கிறார்கள். கையில் இருப்பதை வைத்து மாதாமாதம் ஓட்டுகிறவர்கள் எங்கே போவது? போன மாதம் ரீசார்ஜ் தள்ளிப்போய், இரண்டு நாள் அம்மாவால் என்னைக் கூப்பிடவே முடியவில்லை. அதை நினைத்தால்தான் ஆத்திரமாக வருகிறது.