ஒரு ஆளுக்கு மட்டும் சமைக்கிறது: இதுவரைக்கும் எப்படி போகுது

பிரேக்கப் ஆனா சமைச்சுப் பாரு மனசு ஆறும்னு ஆளாளுக்கு சொன்னாங்க, ஆனா கைக்கு ரெண்டு பேர் அளவுதான் பழக்கம்ங்கிறத யாரும் சொல்லல. உருளைக்கிழங்கு எடுக்கும்போதே கை நாலு எடுத்துடும், அப்புறம் மிச்சமானத மறுநாளும் அதுக்கு மறுநாளும் சாப்பிடும்போதுதான் எரிச்சலா வரும். அதனால புதுசா டிஷ் கத்துக்கிறத தள்ளி வச்சுட்டு, ஒரு ஆளுக்கு அளவா சமைக்கிறதையே ப்ராஜெக்டா எடுத்துக்கிட்டேன்.

முதல்ல ஒரு கிச்சன் ஸ்கேல் வாங்குனேன். ரெசிபில மூணு முட்டைன்னு இருந்தா பாதி எப்படி போடுறது? அடிச்சு கலக்கி எடை போட்டு ஊத்தணும், அவ்ளோதான். ஓடு இல்லாம ஒரு முட்டை சுமாரா 50 கிராம் வரும். ஆனா அளவ பாதியாக்குனா நேரமும் பாதியாகும்னு நினைக்காதீங்க, காய் வேகுறதுக்கு ஆகுற நேரம் ஆகத்தான் செய்யும். அதே அகலமான பாத்திரத்துல பாதி சூப் வச்சா தண்ணி அதே வேகத்துல ஆவியாகும், அடி பிடிச்சுடும், அதனால சின்ன பாத்திரம் வேணும், இல்ல தண்ணிய பாதிக்கு மேல கொஞ்சம் கூட்டி ஊத்தணும்.

எனக்கு ரொம்ப ஒத்துவந்தது வெங்காயத்த மெதுவா வதக்குறது. பத்து நிமிஷத்துல பிரவுன் ஆகிடும்னு எழுதியிருப்பாங்க, நம்பவே நம்பாதீங்க, சின்ன தீயில 40, 45 நிமிஷம் ஆகும், அடி பிடிக்கிற மாதிரி இருந்தா ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சு சுரண்டிவிட்டு மறுபடி கிண்டணும். அந்த நேரத்துல ஃபோன கையில எடுக்க முடியாது, பழைய சாட்ட மேல தள்ளிப் படிக்க முடியாது, எனக்கு வேண்டியது அதுதான். வெங்காயம் நறுக்கும்போது அழுதா யாருக்கும் தெரியாதுன்னு சொல்வாங்க, தனியா இருக்குற வீட்டுல எப்படி அழுதாலும் யாருக்கும் தெரியாது, அதனால நான் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டுதான் நறுக்குறேன், கண்ணு எரிச்சல் நல்லாவே குறையுது.

ரொட்டியும் பழகிடுச்சு. மைதா 250 கிராம், தண்ணி 165, உப்பு 5, ஈஸ்ட் ஒரு சிட்டிகை. ராத்திரி பிசைஞ்சு கொஞ்ச நேரம் வெளிய வச்சுட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளிடுவேன், குளிர்ல ஈஸ்ட் மெதுவா வேலை செய்யும், ருசியும் கூடும். இதுல இன்னொரு லாபம், காலைல எழுந்திரிக்க ஒரு காரணம் கிடைக்குது, ஏன்னா மாவு அங்க உப்பிக்கிட்டு கெடக்கும், போய் பார்த்தே ஆகணும். லீவு நாள்ல மத்தியானம் வரைக்கும் போர்வைக்குள்ளயே கெடந்த எனக்கு இது பெரிய விஷயம். ஆறுன ரொட்டிய துண்டு போட்டு ஃப்ரீசர்ல வைங்க, கீழ ஃப்ரிட்ஜ்ல வச்சா மாவுச்சத்து சீக்கிரம் இறுகி வறட்டுன்னு ஆகிடும்.

இன்னும் தொடாதது ஒன்னு இருக்கு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து செய்ற ஒரு டிஷ், பேர் வேண்டாம். வாசனை மூக்குலேர்ந்து மூளைல ஞாபகம், உணர்ச்சி எல்லாம் இருக்குற பகுதிக்கு ரொம்ப குறுக்கு வழியில போயிடுமாம், கண்ணால பார்க்குறது அவ்ளோ நேரா போறதில்ல. ஃபோட்டோ பார்த்தப்ப தாங்குன நான், அடுத்த வீட்டுலேர்ந்து அந்த வாசனை வந்தப்ப ஜன்னல சாத்திட்டேன். சில பேர் அதையே திரும்பத் திரும்ப செஞ்சா பழகிடும்னு சொல்றாங்க. இருக்கலாம், எனக்கு இப்போதைக்கு அவசரம் இல்ல.

பசியே எடுக்காத நாளும் வருது, அன்னைக்கு வீரம் காட்டுறதில்ல, ஃப்ரீசர்லேர்ந்து ரெண்டு துண்டு ரொட்டி, மேல வதக்கி வச்ச வெங்காயம், ஒரு முட்டை, முடிஞ்சது. அந்த வெங்காயத்த ஐஸ் ட்ரேல உறைய வச்சு எடுத்து வச்சுக்கிறேன், ஒரு வேளைக்கு ரெண்டு கட்டி போதும். அடுத்து சூப்பையும் இதே மாதிரி உறைய வச்சுப் பார்க்கணும், உருளைக்கிழங்கு போட்டா உறைஞ்சு உருகுனதும் மணல் மணலா ஆகிடுது, அதுக்கு பதிலா பருப்பு போட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன்.