அளவுப் புத்தகத்தில் ஏறாத வேலை

காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு பழைய நெல் மில். தாய்ப்பத்திரத்தில் சேலம் ஜில்லா என்று இருக்கும். 1965-இல் தருமபுரி மாவட்டத்துக்குள் போனது, 2004-இல் கிருஷ்ணகிரிக்கு வந்தது. அதில் ராகி, சாமை சுத்தம் செய்து பாக்கெட் போடும் கூடம் அமைக்கும் வேலை, கட்டடம் வடிவமைத்து மேற்பார்வை பார்க்கும் எங்களிடம் வந்தது.

"எதுக்கு சார் இந்தப் பழசோட மல்லுக்கட்டு? இடிச்சுட்டு பி.இ.பி. ஷெட் ஒண்ணு போட்டு, முன்னாடி ஏ.சி.பி. ஷீட் அடிச்சுட்டா முடிஞ்சுதுல்ல?" என்றார் உரிமையாளரின் மகன். பி.இ.பி. என்பது தொழிற்சாலையில் செய்து வந்து பூட்டும் இரும்புக் கொட்டகை; ஏ.சி.பி. என்பது முகப்பில் ஒட்டும் அலுமினியப் பலகை. அவர் கேட்டதில் தப்பில்லை. வேகம் என்று பார்த்தால் ஷெட்தான் ஜெயிக்கும்.

நான் புகைக் கணக்கைச் சொன்னேன். அந்தச் சுவரின் செங்கல்லுக்காகச் சூளையில் எரிந்த விறகும், கூரை உத்திரத்தின் இரும்புக்காக எரிந்த நிலக்கரியும் நம் தாத்தா காலத்திலேயே காற்றில் கலந்துவிட்டன. இடித்தால் அந்தச் செலவு வீண். புதிதாகக் கட்ட இன்னொரு செலவு. இரும்புத் தாதுவிலிருந்து ஒரு டன் உருக்கு எடுக்க ஏறக்குறைய இரண்டு டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. சிமெண்ட் இன்னும் பிடிவாதமான சரக்கு. சுண்ணாம்புக்கல்லை 1450 டிகிரி வரை சூடாக்கும்போது கல்லே உடைந்து வாயுவை விடுகிறது. சிமெண்டின் புகையில் பாதிக்கு மேல் இப்படிக் கல்லிலிருந்து வருவதுதான். சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அது நிற்காது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சார், செலவு எவ்ளோ குறையும்?" என்றார். பேச்சு அங்கேதான் ஒழுங்காகத் தொடங்கியது.

கூரை முழுக்க மங்களூர் ஓடு. மொத்தமாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஓடு வாங்குவதுதான் வழக்கம். எங்களிடம் வேலை பார்த்த ஒரு சித்தாள் அக்கா ஒவ்வொரு ஓட்டையும் இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது கை முட்டியால் தட்டிப் பார்ப்பார். 'டங்' என்றால் இந்தப் பக்கம். 'டொப்' என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல், அந்தப் பக்கம். பாசியைத் தென்னை நார் பிரஷ்ஷால் தேய்த்து, படுக்கப் போடாமல் நிமிர்த்தி அடுக்கினார். பெரும்பாலானவை இந்தப் பக்கமே வந்தன. குறைந்ததற்குப் பக்கத்து ஊரில் இடித்த வீட்டு ஓடு கிடைத்தது. ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டைகளில் இற்றுப்போனதை மட்டும் மாற்றி, ஓட்டுக்கு அடியில் சீலிங் ஓடு ஒரு வரிசை கொடுத்தோம். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும்; தானியத்தின் மேல் தூசியும் உதிராது. அங்கங்கே கண்ணாடி ஓடு வைத்ததால் பகலில் விளக்கு வேண்டியதில்லை. பழைய மின்விசிறிக்கு 75 வாட் ஆகும் இடத்தில் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) விசிறி 30 வாட் சுமாரில் ஓடுகிறது. கணக்கு எழுதும் அறைக்கு மட்டும் ஏ.சி. அதில் மகன் விட்டுக்கொடுக்கவில்லை, நானும் பெரிதாக மல்லுக்கு நிற்கவில்லை.

அதிகம் தலைவலி கொடுத்தது நெல் ஊறவைக்கும் தொட்டியை ஒட்டிய சுவர். யாரோ இடையில் சிமெண்ட் பூச்சு பூசியிருந்தார்கள். தரையிலிருந்து ஏறும் ஓதம் (ஈரம்) வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழுந்துகொண்டிருந்தது. அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசச் சொன்னேன். சுண்ணாம்பும் சூளையில் வேகும் சரக்குதான். ஆனால் 900 டிகிரி போதும், இறுகும்போது விட்ட வாயுவில் ஒரு பங்கைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும். சங்கடம் என்னவென்றால் அது அவசரத்துக்கு இறுகாது. "ஒரு கை சிமெண்ட் போட்டுக்கலாம் சார், சட்டுனு புடிச்சுக்கும்" என்று மேஸ்திரி கேட்காத நாள் இல்லை. கலவை போடும்போதெல்லாம் பக்கத்திலேயே நின்றேன். பாக்கெட் போடும் அறையில் மட்டும், கழுவ வேண்டும் என்பதால், டைல்ஸ் ஒட்டினோம். அது ஓதம் ஏறாத உள்சுவர்.

இதெல்லாம் கட்டட வேலை. உண்மையான இழுபறி பில்லில்தான். முடித்த வேலையை அளந்து எழுதும் பதிவேடுதான் அளவுப் புத்தகம். ஒப்பந்தக்காரருக்கு அதில் ஏறியதற்குத்தான் காசு: இத்தனை கன மீட்டர் கான்கிரீட், இத்தனை சதுர மீட்டர் பூச்சு. இடிக்காமல் விட்ட சுவரை எந்தப் பக்கத்தில் எழுதுவது? ஓடு பிரிக்க ரேட் இருக்கிறது, புது ஓடு வேய ரேட் இருக்கிறது. தட்டிப் பார்த்துத் தரம் பிரிக்க ரேட் இல்லை. "புது ஓடு போட்டா எனக்கு லாபம், பழசைத் தேய்ச்சுப் போட்டா உங்களுக்குப் பேரு" என்று ஒப்பந்தக்காரர் முகத்துக்கு நேராகவே சொன்னார். கடைசியில் அந்த அக்காவின் வேலையை நாள்கூலியாகத் தனி ஐட்டம் போட்டு எழுதினோம். மகன் முணுமுணுத்தார். புது ஓட்டின் விலையைப் பக்கத்தில் எழுதிக் காட்டியதும் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் கட்டணமும் அப்படித்தான். வேலை மதிப்பில் இத்தனை சதவீதம் என்று பேசியிருந்ததால், நான் மிச்சப்படுத்த மிச்சப்படுத்த என் வரும்படி இறங்கிக்கொண்டே வந்தது. இப்போது பழைய கட்டடம் என்றால் சதுர அடிக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுகிறேன். பாதிப் பேர் அதிகம் என்று போய்விடுகிறார்கள்.